யாழினியின் முதல் பாய்ன்ட் ஷூ

அன்புள்ள கலா,

உன் கடிதம் கிடைத்தது. யாழினிக்கு பாலே டீச்சர் பாய்ன்ட்டுக்கு, அதாவது கெட்டி முனை ஷூ போட்டு அதன் முனையில் ஏறி நின்று ஆடுவதற்கு, சம்மதம் சொல்லிவிட்டார் என்று படித்ததும் ரொம்ப சந்தோஷம். ஆனால் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாயே, "வளர்கிற கால்தானே, அரை சைஸ் பெரியதாகவே வாங்கிவிடவா?" என்று, அதைப் படித்ததும் உடனே பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். வேண்டாம். பள்ளிக்கூட ஷூவுக்குச் சரி, இதற்குக் கூடாது.

ஏன் என்று சொல்கிறேன். சாதாரண ஷூவில் உள்ளங்கால் அடிப்பகுதியில் உட்கார்ந்திருக்கும். கொஞ்சம் தொளதொளவென்று இருந்தால் என்ன, நடந்துவிடலாம். பாய்ன்ட்டில் பாதம் செங்குத்தாக நிற்கிறது. விரல் நுனியில் நிற்பதாக எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் முழு எடையும் நுனிக்குப் போகக்கூடாது. முன்னால் இருக்கிற கெட்டியான பாக்ஸ், முன்பாதத்தைச் சுற்றிலும் இறுக்கிப் பிடித்துத் தூக்கி நிறுத்த வேண்டும். உள்ளங்காலின் கீழே ஓடுகிற ஷாங்க் என்ற பட்டை வளைவைத் தாங்க வேண்டும். பாக்ஸுக்குள் இடம் இருந்தால் பாதம் ஆப்பு இறங்குவது போலக் கீழே வழுக்கி இறங்கும். பெருவிரல் போய் முட்டும். நகம் கறுப்பது, விரல் நுனி கொப்புளிப்பது, குதிகாலில் துணி பை போலத் தொங்குவது என்று முதல் ஜோடியில் வருகிற தொல்லைகளில் பல இந்த இறக்கத்தால் வருபவை. வலிக்கிறது என்றவுடன் அம்மாக்கள் ஷூவுக்குள் விரல்களைச் சுற்றி வைக்கிற ஜெல் பேடை இன்னும் தடிமனாக வாங்கி வைப்பார்கள். பேட் நாலு நாளில் அமுங்கும், பாதம் மறுபடி இறங்கும். தடிமன் கூடக்கூடக் காலுக்குத் தரையும் தெரியாது.

வயதைப் பற்றிக் கேட்டிருந்தாய். சர்வதேச நடன மருத்துவ அறிவியல் சங்கத்தின் வழிகாட்டுதல் 12 வயதுக்கு முன் வேண்டாம் என்கிறது. வயது மட்டும் போதாது, சில வருட முறையான பயிற்சியும் இடுப்பு, வயிறு, கணுக்கால் பலமும் வேண்டும் என்றும் சொல்கிறது. யாழினிக்கு 12 முடிந்துவிட்டது, டீச்சரும் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார். நீ வீட்டில் ஒன்றே ஒன்று பார். தரையில் உட்கார்ந்து காலை நீட்டி, பாதத்தை முழுதாகக் கீழே வளைக்கச் சொல். முன்னங்கால் எலும்பும் பாதத்தின் மேல்பக்கமும் ஒரே கோட்டில் வர வேண்டும். ஒரு ஸ்கேலை மேலே வைத்தால் தெரிந்துவிடும். கணுக்காலில் மேடு நின்றால் அவள் ஷூவின் முனையில் முழுதாக ஏற முடியாது, முட்டியை மடக்கி ஈடுகட்டுவாள். அதை எந்த ஷூவும் சரிசெய்யாது. டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு.

அடுத்தது, எந்தக் கம்பெனி நல்லது என்ற கேள்வி. அதற்கு என்னிடம் பதில் இல்லை, யாரிடமும் இருக்கக்கூடாது. அவள் வகுப்புத் தோழி எதைப் போடுகிறாள் என்பதும் வேண்டாம். பாதத்தின் வடிவம் சொல்வதைக் கேள். வெறுங்காலோடு நிற்கவைத்து விரல்களைப் பார். பெருவிரல் நீளமாகி மற்றவை சரிந்து இறங்குகிறதா? கூம்பிய பாக்ஸ் பொருந்தும். முதல் மூன்று விரலும் ஏறக்குறைய ஒரே நீளமா? அகலமான, சதுரமான பாக்ஸ் வேண்டும். அவளுக்கு நிற்பதும் சுலபம், கொடுத்துவைத்தவள். இரண்டாம் விரல் நீண்டிருந்தால் அந்த ஒரு விரல்தான் எல்லா அடியையும் வாங்கும். அதற்குத் தொப்பி மாதிரி ஒரு சின்ன உறையோ, பக்கத்து விரலுக்கு முட்டுக்கொடுக்கக் கொஞ்சம் பஞ்சோ தேவைப்படலாம். பிறகு முன்பாதத்தை இரண்டு பக்கமும் உன் கையால் பிடித்து மெதுவாக அமுக்கு. சிலருடைய பாதம் அப்படியே சுருங்கிக் குறுகும். நிற்கும்போது அகலமாகத் தெரிகிற அந்தப் பாதம் பாய்ன்ட்டில் ஏறினால் ஒல்லியாகிவிடும். அளவு நாடாவை நம்பி அகல ஷூ வாங்கினால் அங்கேதான் ஏமாறுவோம்.

பாக்ஸுக்கு மேலே விரல்களை மூடுகிற பகுதிக்கு வேம்ப் என்று பெயர். நீண்ட விரல்களுக்கு நீண்ட வேம்ப், குட்டை விரல்களுக்குக் குட்டை. வேம்ப் குட்டையாகிப் போனால் ஏறியதும் பாதம் முன்னால் பிதுங்கி வழியும். நீண்டுபோனால் பாதி உயரத்தில், அதாவது டெமி பாய்ன்ட்டில், விரல் மூட்டை மடக்க விடாது. பாக்ஸின் பக்கங்களில் நீண்டு வருகிற பகுதியான விங்ஸ் பெருவிரல் மூட்டைத் தாங்குகிற உயரத்துக்கு இருக்க வேண்டும்.

கடைக்குப் போவதற்கு மூன்று நாலு நாள் முன்பே நகத்தை நேராக வெட்டிவிடு. அன்றைக்கே ஒட்ட வெட்டினால் சதை வெளியே தெரிந்து, ஷூ சரியாக இருந்தாலும் வலிக்கும். காலையில் எழுந்ததும் போகாதே, சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது போ. வகுப்பில் போடுகிற டைட்ஸையே போட்டுப் போகட்டும், முட்டி தெரிய வேண்டும். எந்த பேட் பயன்படுத்தப்போகிறாளோ அதைக் கையோடு கொண்டுபோ, மெல்லியதாக. பேடோடு பொருத்திப் பார்க்காமல் வாங்கிவிட்டுப் பிறகு பேட் சேர்த்தால் எல்லா அளவும் தப்பாகும். தெருச் செருப்பின் நம்பரை மறந்துவிடு. பாய்ன்ட் ஷூ நம்பர் அதிலிருந்து வேறு, கம்பெனிக்குக் கம்பெனியும் வேறு. நீளத்துக்கு ஒரு எண், அகலத்துக்குத் தனியாக இன்னொரு குறி, ஷாங்க்கின் கடினத்துக்கு மூன்றாவது.

இப்போது கடைக்குள். இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். ஒரு மணி நேரம் ஆனாலும் ஆகட்டும், பத்து ஜோடி போட்டுப் பார்த்தாலும் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

முதலில் இரண்டு காலிலும் போட்டுத் தட்டையாக நிற்கட்டும். விரல்கள் நீட்டி, நுனிகள் பாக்ஸின் முனையைத் தொட வேண்டும், மடங்கக் கூடாது. அடுத்து டெமி ப்ளியே, முட்டியை மடக்கி. இந்த நிலையில்தான் பாதம் மிக நீளமாக இருக்கும், நுனிகள் இன்னும் அழுந்தும். அழுந்தட்டும். ஆனால் விரல் மடங்கினால் ஷூ குட்டை. பிறகு எதையாவது பிடித்துக்கொண்டு ஒரு காலை மட்டும் முட்டி மடங்கிய நிலையில் முனையில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக எடையைக் கொடுக்கட்டும். பாதம் வளைந்ததும் குட்டையாகும், அதனால் குதிகாலில் கொஞ்சம் துணி மிஞ்சும். அதை இரண்டு விரலால் கிள்ளிப் பார். அரை சென்டிமீட்டரிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குள் கிடைத்தால் நல்லது. அதற்கு மேல் கிடைத்தால் ஷூ நீளம், அல்லது பாதம் உள்ளே இறங்கியிருக்கிறது. எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பாக்ஸின் பக்கவாட்டில், விங்ஸுக்கும் பாதத்துக்கும் நடுவே உன் சுண்டுவிரலைச் செருகிப் பார். தாராளமாகப் போனால் அகலம்தான் குற்றவாளி. விரலே நுழையாமல், வேம்ப்புக்கு மேலே சதை பிதுங்கினால் பாக்ஸ் குறுகல், அல்லது உயரம் போதவில்லை.

"வலிக்கிறதா?" என்று அவளைக் கேட்காதே. புது ஷூ வாங்கும் ஆசையில் எல்லாப் பிள்ளையும் "இல்லை" என்றுதான் சொல்லும். "எந்த விரல் தரையை உணர்கிறது?" என்று கேள். எல்லா விரலும் சேர்ந்து பிடித்த மாதிரி இருக்கிறது என்றால் சரி. பெருவிரல் மட்டும் என்றால் இறங்கிவிட்டாள், அகலத்தில் ஒரு படி குறைத்துப் பார். சுண்டுவிரல் எரிகிறது, கால் மரத்துப்போகிறது என்றால் ஒரு படி கூட்டு. முதலில் அகலத்தைச் சரிசெய், நீளத்தைப் பிறகு பார்க்கலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது உதவியது என்று தெரியாமல் போகும்.

ஏறி நிற்கும்போது நீ பின்னால் போய்ப் பார். ஷாங்க் உள்ளங்காலின் நடுக்கோட்டோடு ஓட வேண்டும். ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு நின்றால் வடிவம் பொருந்தவில்லை. முன்னால் வந்து முனையைப் பார். பிளாட்ஃபார்ம் என்கிற அந்தச் சின்னத் தட்டை முகம் முழுதாகத் தரையில் படிகிறதா, ஓரத்தில் சாய்கிறதா? ஷாங்க்கைப் பொறுத்தவரை முதல் ஜோடிக்குக் கடினமானதே நல்லது, நீடிக்கும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. பலம் இன்னும் வராத பாதத்தை அது பிளாட்ஃபார்மிலிருந்து பின்னால் தள்ளிவிடும். பாதம் தானாக வேலை செய்து பழகுவதற்கும் இடையூறு. மாறாக, நன்றாக வளைகிற உயர்ந்த வளைவுக்கு மிக மென்மையானதைக் கொடுத்தால் முனையைத் தாண்டி முன்னால் கவிழ்வாள். நடுத்தரத்தில் தொடங்கி அதிலிருந்து நகர்வது நல்லது.

ஒரே மாடல், ஒரே நம்பர் என்றாலும் இரண்டு ஜோடி ஒன்றுபோல் இருக்காது. ஆச்சரியப்படாதே. மரபான ஷூவின் பாக்ஸ் என்பது துணியும் காகிதமும் அடுக்கடுக்காகப் பசை தடவி இறுகவைத்தது. மேலே பளபளக்கிற சாட்டின் வெறும் போர்வைதான். லண்டனில் 1929-இல் தொடங்கிய ஃப்ரீட் கம்பெனியில் ஒவ்வொரு கைவினைஞரும் தன் அடையாளக் குறியை அடிப்பாகத்தில் பதிப்பார். குறிப்பிட்ட ஒருவரின் கையால் செய்ததுதான் வேண்டும் என்று கேட்கிற கலைஞர்கள் உண்டு. 1832-இல் பாரிஸில் பாலே கலைஞர் மரி தாலியோனி ஆடியபோது இந்த பாக்ஸே கிடையாது. மெல்லிய சாட்டின் செருப்பின் முனையை நூலால் தைத்துக் கெட்டிப்படுத்தியதுதான். அதை நினைத்தால் நம் பிள்ளைகள் பாடு தேவலை. இந்த ஷூக்களில் பெரும்பாலும் இடது வலது கிடையாது என்பதையும் சொல்லிவிடு. போட்டுப் பார்த்து எது எந்தக் காலுக்கு இசைவாக இருக்கிறதோ அதை உள்ளே பென்சிலால் குறித்துக்கொள்ளட்டும், அதன்பிறகு மாற்றக் கூடாது.

வாங்கிய கையோடு ரிப்பன் தைக்க உட்காராதே. டீச்சர் காலில் போட்டுப் பார்த்துச் சரி சொல்லும்வரை ஊசி படவே கூடாது, வெறுந்தரையிலும் நடக்கக் கூடாது. தைத்ததையும் அழுக்கானதையும் கடை திரும்ப எடுக்காது. சம்மதம் கிடைத்த பிறகு, சுமார் 2.2 சென்டிமீட்டர் அகல ரிப்பன் இரண்டரை மீட்டர் வாங்கி நாலாக வெட்டு. நைலான் கலந்ததானால் முனைகளைத் தீயில் லேசாகக் காட்டினால் பிரியாது. தைக்கும் இடத்துக்கு ஒரு சுலப வழி: குதிகால் துணியை முன்பக்கமாக, உள் அட்டை மேல் படிய மடக்கு. மடிப்பு பக்கவாட்டில் எங்கே விழுகிறதோ அங்கே ரிப்பன். மடிப்பின் சாய்வையே ரிப்பனுக்கும் கொடு. கெட்டி நூலால் உள்பக்கத் துணியை மட்டும் பிடித்துத் தை, சாட்டினில் ஊசி வெளியே வர வேண்டாம். ஓரத்தில் ஓடுகிற சுருக்குக் கயிற்றைத் தைத்துவிட்டால் அது இழுபடாது, பலரும் செய்கிற தப்பு அதுதான். குதிகால் நழுவுவதைத் தடுக்க எலாஸ்டிக் ஒன்று சேர்த்துக்கொள்ளலாம். ரிப்பனின் முடிச்சு உள்பக்கக் கணுக்கால் எலும்புக்கும் பின்னால் இருக்கிற குதிகால் தசைநாணுக்கும் நடுவேயுள்ள குழியில் வர வேண்டும். அந்த நாணின் மேலேயே போட்டால் அழுத்தி வீங்கும்.

பழக்குவது என்ற பெயரில் கதவிடுக்கில் நசுக்குவது, சுத்தியலால் தட்டுவது எல்லாம் வேண்டாம். அதெல்லாம் தினமும் புது ஜோடி எடுக்கிறவர்கள் செய்வது. விங்ஸைக் கையால் மெல்ல அமுக்கி, டெமி பாய்ன்ட்டில் கொஞ்ச நேரம் ஏறி இறங்கினால் போதும். காலின் சூடே மீதியைச் செய்யும். வீட்டில் தனியாக முனையில் ஏறக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல். முதல் மாதங்களில் வகுப்பு முடிவில் பத்துப் பதினைந்து நிமிடம், பார் என்கிற கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு. அவ்வளவுதான்.

கழற்றியதும் பேடை வெளியே எடுத்து, ஷூவைக் காற்றோட்டமாகத் தொங்கவிடு. பிளாஸ்டிக் பையில் போட்டு மூடினால் வியர்வை பசையைக் கரைத்து பாக்ஸ் சீக்கிரம் துவண்டுவிடும். வெயிலிலோ ஹீட்டர் மேலோ வைக்காதே. வளர்கிற வயது என்பதால் ஷூ பழசாகும் முன் கால் அதை மிஞ்சிவிடவும் கூடும். மாதம் ஒரு தடவை அந்தக் குதிகால் கிள்ளலைச் செய்து பார். துணியே கையில் சிக்காமல் ப்ளியேயில் விரல் மடங்கினால் அடுத்த ஜோடிக்கு நேரம் வந்துவிட்டது. கையால் அமுக்கினால் பாக்ஸ் பொதுக்கென்று உள்ளே போனாலோ, ஷாங்க் நடுவில் மடிந்து தாங்காமல் போனாலோ கூட அதே முடிவுதான். பழைய ஷூவில் இன்னும் ஒரு வாரம் சமாளிக்கட்டும் என்று தள்ளிப்போடாதே.

கடையில் ஏறி நிற்கும்போது முன்னால், பக்கத்தில், பின்னால் என்று மூன்று படம் எடுத்து அனுப்பு. முட்டியிலிருந்து தரை வரை தெரிய வேண்டும், பேட் எது என்றும் எழுது. இரண்டு ஜோடிக்கு நடுவே தீர்மானிக்க முடியவில்லை என்றால் இரண்டின் படத்தையும் அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். யாழினிக்கு என் அன்பு.

உன்
ராஜி