நம்ம தூண்டில் சங்கத்தோட ஆண்டறிக்கை: வசந்தகால பாஸும் லூர் தேர்வும்

தலைவர் அண்ணனுக்கும், நிர்வாகக் குழுவுக்கும், வந்திருக்கிற உறுப்பினர்கள் எல்லாருக்கும் செயலாளரோட வணக்கம்.

வரவு செலவு கணக்கை பொருளாளர் தனியா வாசிப்பாரு, அதுக்குள்ள நான் போகல. மாசக் கூட்டம் எல்லாம் ஒழுங்கா நடந்துச்சு. புதுசா சேர்ந்தவங்கள்ல சின்ன வயசுப் பிள்ளைங்க நிறைய, அதுல எனக்கு ரொம்ப சந்தோஷம். அவங்க வந்ததுல இருந்து கேட்டுட்டே இருந்த கேள்விதான் இந்த வருஷம் நம்ம சங்கத்தோட முக்கிய வேலையாவே ஆயிடுச்சு: வசந்தகாலத்துல பாஸ் மீனுக்கு எந்த லூர் (செயற்கை இரை) போடறது? பெட்டி நிறைய லூர் இருக்கு, கரையில போய் நின்னா எதை எடுக்கறதுன்னு தெரியல, ஒண்ணைப் போட்டு பத்து நிமிஷத்துல மாத்தி, அதையும் மாத்தி, நாள் முழுக்க முடிச்சு போடறதுலயே போயிடுதுன்னு சொன்னாங்க. நியாயமான வருத்தம்தான்.

அதனால இந்த வருஷம் சங்கத்துக்கு தெர்மாமீட்டர் வாங்கினோம். லூர் வாங்கலாமேன்னு சிலர் சொன்னாங்க, குழுவுல அதைப் பத்தி நல்லா பேசிட்டுதான் இந்த முடிவு எடுத்தோம், இது சரியான முடிவுன்னு நான் முழுசா நம்பறேன். ஏன்னா காலண்டர்ல எந்த மாசம்னு பாஸுக்குத் தெரியாது, தண்ணியோட சூடுதான் அதுக்குத் தெரியும். ஒரே ஏரியில ஒரே நாள்ல, வெயில் விழற ஆழம் கம்மியான மூலையில மீன் முட்டை போட தயாரா இருக்கும், நடு ஏரியில இன்னும் குளிர்கால மந்தத்துலயே கிடக்கும். மதியம் மேல் தண்ணியில அளந்தா ரெண்டு மூணு டிகிரி கூட காட்டும், அதை நம்பி ஏமாறக்கூடாது, காலையில ஒரு தடவை, கொஞ்சம் ஆழத்துல இறக்கி ஒரு தடவை அளக்கணும்னு எல்லாருக்கும் சொல்லியிருக்கோம்.

இப்ப லூர் விஷயத்துக்கு வர்றேன். தண்ணி 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழ இருக்கும்போது சஸ்பெண்டிங் ஜெர்க்பெய்ட்டுக்கு (இழுப்பை நிறுத்தினா மூழ்காம, மேலயும் ஏறாம நடுத்தண்ணியில நிக்கற மீன் வடிவ லூர்) இணையா வேற எதையும் நான் சொல்ல மாட்டேன். ரெண்டு தட்டு தட்டி நிறுத்தணும், அஞ்சு பத்து செகண்ட் சும்மா விடணும், ரொம்பக் குளிரா இருந்தா இன்னும் கூட. கடி வர்றது பெரும்பாலும் அந்த நிறுத்தத்துலதான். நம்ம பயிற்சி வகுப்புல ஒரு தொட்டியில இதைப் போட்டுக் காட்டினோம். குளிர்ந்த தண்ணிக்கு அடர்த்தி அதிகம், அதனால வெதுவெதுப்பான தண்ணியில அசையாம நிக்கற அதே ஜெர்க்பெய்ட் குளிர்ல மெல்ல மேல ஏறும். அடி வயித்துல, முன்னாடி கொக்கிக்குப் பக்கத்துல சின்ன ஈயப் பட்டி ஒட்டினதும் அப்படியே நின்னுச்சு. கொக்கியை ஒரு சைஸ் பெருசா மாத்தினாலும் அந்த எடை கிடைச்சிடும். ஃபுளோரோகார்பன் லைன் (ஒரு வகை தூண்டில் நரம்பு) மூழ்கும், மோனோ (சாதாரண நைலான் நரம்பு) அவ்வளவா மூழ்காது, அதுவும் லூர் நிக்கற ஆழத்தை மாத்தும். பிள்ளைங்க தொட்டியைச் சுத்தி நின்னு பாத்த விதம் இருக்கே, அதுக்காகவே இன்னும் நாலு வகுப்பு வைக்கலாம்.

இதே குளிர்லயும் கொஞ்சம் சூடேறினப்புறமும், தண்ணிக்கடியில செடி இருக்கற இடத்துல லிப்லெஸ் கிராங்க்பெய்ட் (மூக்குல தகடு இல்லாத, இழுத்தா அதிர்ற லூர்) போடுங்க. செடியில மாட்டணும், மாட்டினதும் ராடை (தூண்டில் கோலை) வெடுக்குன்னு இழுத்து விடுவிக்கணும், விடுபட்டு அது தளர்ந்து கீழ இறங்கறப்பதான் மீன் வந்து அடிக்கும். சும்மா சுத்திட்டே வந்தா பாதி பலன்கூட இல்ல. கலர்ல சிவப்பு, ஆரஞ்சு கலந்த நண்டு நிறம் இந்த நேரத்துல நல்லா எடுபடும், கிரேஃபிஷ் (நன்னீர்ல வாழற, கொடுக்கு வச்ச இறால் மாதிரி உயிர்) குளிர்கால ஒளிவிடத்துல இருந்து வெளிய வர்ற சமயம் இது, பாஸ் அதைத் தேடித் தின்னும்.

10ல இருந்து 15 டிகிரி வரைக்கும்தான் வருஷத்துலயே பெரிய மீன் கிடைக்கற காலம்னு பெரியவங்க சொல்றாங்க, நானும் ஒத்துக்கறேன். பெண் மீன் முட்டையோட கனமா இருக்கும், ஆழத்துல இருந்து கரைக்கு வர்ற வழியில மேடு, பாறை, விழுந்த மரம்னு அங்கங்க தங்கித் தங்கி வரும். ஸ்கொயர்பில் கிராங்க்பெய்ட்டை (மூக்குல சதுரத் தகடு வச்ச லூர்) பாறையிலயும் மரத்துலயும் இடிச்சு இடிச்சு கொண்டு வாங்க, இடிச்சு திசை மாறுற அந்த நொடிதான் மீனை உசுப்பும். தண்ணி கலங்கியிருந்தா வட்டமான கொலராடோ பிளேடு வச்ச ஸ்பின்னர்பெய்ட் (சுத்தற தகடு உள்ள லூர்), அதோட அதிர்வை மீன் உடம்பாலயே உணரும், தெளிவா இருந்தா ஒல்லியான வில்லோ பிளேடு. சாட்டர்பெய்ட்டும் (முன்னாடி தகடு ஆடி அதிர்ற லூர்) இதே வேலைதான் செய்யும். கலங்கல்ல கறுப்பு நீலம், சார்ட்ரூஸ் (மஞ்சள் கலந்த பச்சை), தெளிவுல கிரீன் பம்ப்கின் (பழுப்பு கலந்த பச்சை), சின்ன மீன் நிறம், இவ்வளவு போதும், கலருக்கு இதுக்கு மேல மண்டையை உடைச்சுக்க வேண்டாம்.

ஒரு குளிர்காத்து வந்து ராத்திரியோட ராத்திரியா சூடு இறங்கிட்டா என்ன பண்றதுன்னு நிறைய பேர் கேட்டாங்க. மீன் பெரும்பாலும் ரொம்ப தூரம் திரும்பிப் போகாது, வாயைத் திறக்க யோசிக்கும், அவ்வளவுதான். ஜிக்கை (தலையில எடை வச்ச கொக்கி) எடுத்து, டிரெய்லரை (அதுல மாட்டற பிளாஸ்டிக் வாலை) சின்னதாக்கி, மரத்தடியில வச்சு நகர்த்தாம பொறுமையா இருக்கணும். நெட் (Ned) ரிக்கும் (சின்ன ஜிக்குல மாட்டின குட்டை பிளாஸ்டிக் புழு) அப்ப கை கொடுக்கும்.

அடுத்து 15ல இருந்து 21 டிகிரி வரைக்கும். லார்ஜ்மவுத் பாஸ் முட்டை போடற சூடு இதுதான், இன்னொரு வகையான ஸ்மால்மவுத் பாஸ் இதைவிடக் கொஞ்சம் குளிர்லயே ஆரம்பிச்சிடும். இதுல சங்கம் எடுத்த தீர்மானத்தை இங்க அழுத்தமா பதிவு பண்றேன். குழி பறிச்சு, வாலால சுத்தம் பண்ணி, முட்டைக்கும் குஞ்சுக்கும் காவல் நிக்கறது ஆண் மீன். பெண் முட்டை போட்டுட்டு போயிடும். அந்த ஆணைப் பிடிச்சு, போட்டோ எடுத்து, எடை பாத்து, பத்து நிமிஷம் கழிச்சு விட்டா அதுக்குள்ள புளூகில்ங்கற சின்ன மீன் கூட்டம் வந்து குழியைக் காலி பண்ணிடும். அதனால கண்ணுக்குத் தெரியற குழி மேல யாரும் லூர் போடறதில்லைன்னு கை தூக்கி ஒத்துக்கிட்டோம். அந்தந்த இடத்து தடைக்காலச் சட்டம் இருந்தா அது இதுக்கும் மேல. அந்த நாட்கள்ல மீன் பிடிக்கணும்னா குழியை விட்டு வெளிய, இன்னும் வராத மீனும் முடிச்சுட்டுப் போற மீனும் தங்கற ஓரத்துல, சென்கோ மாதிரி மென்மையான பிளாஸ்டிக் புழுவை நடுவுல கொக்கி குத்தி வாக்கி ரிக்கா போடுங்க, எடையே இல்லாம ரெண்டு முனையும் நடுங்கிட்டே இறங்கும், லைன் ஒரு பக்கமா நகர்றதுதான் கடி. கடிச்சதுன்னா தாமதிக்காம உடனே ராடை இழுத்து கொக்கியை ஏத்துங்க, விட்டா கொக்கி தொண்டைக்குள்ள போயிடும்.

முட்டைக்காலம் முடிஞ்சு 21 தாண்டினா பாப்பர், நடக்கற டாப்வாட்டர் (ரெண்டும் தண்ணி மேலயே ஓடற லூர்), காலைல சாயங்காலம். டாப்வாட்டருக்கு மோனோ லைன்தான், ஃபுளோரோகார்பன் மூக்கைக் கீழ இழுத்துடும். இது எல்லாருக்கும் பிடிச்ச வேலை, நான் தனியா சொல்லத் தேவையில்ல.

லூர் மாத்திக்கற பெட்டி நல்லா ஓடுது. உங்களுக்கு வேண்டாததை வைங்க, வேணுங்கறதை எடுங்க, ஆனா துருப்பிடிச்ச டிரெபிள் (மூணு முனை) கொக்கியோட வைக்காதீங்க. நகத்து மேல வச்சு லேசா இழுத்தா கொக்கி வழுக்கக் கூடாது, குத்தி நிக்கணும், வழுக்கினா மாத்திட்டு வைங்க. கிழிஞ்ச பிளாஸ்டிக் புழுவை தண்ணியில போடறதை அடியோட நிறுத்தணும், அது மக்காது, மீன் வயித்துல கிடக்கும். அதுக்குன்னு படகுத்துறையில ஒரு டப்பா வச்சிருக்கோம், நிரம்பினா என்கிட்ட சொல்லுங்க.

வர்ற வருஷத்துக்கு குழு முன்வைக்கற யோசனை ரெண்டு. ஒண்ணு, சங்க நோட்டுல தேதி, தண்ணி சூடு, தெளிவு, ஆழம், லூர் இந்த அஞ்சையும் எல்லாரும் எழுதணும், மீன் கிடைக்காத நாளையும் சேத்து, ஏன்னா கிடைச்ச நாளை மட்டும் எழுதினா அடுத்தவங்களுக்கு அதுல இருந்து ஒண்ணும் புரியாது. ரெண்டு, ஈய எடைகளைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டுட்டு டங்ஸ்டனுக்கு மாறுறது, ஈயத்தை முழுங்கற நீர்ப்பறவைங்க விஷமேறி செத்துப் போகுது. விலை அதிகம்னு தெரியும், மொத்தமா வாங்கினா குறையுமான்னு பொருளாளர் விசாரிச்சுட்டு இருக்காரு.

ரெண்டையும் இந்தப் பொதுக்குழு விவாதிச்சு ஒப்புதல் தரணும்னு கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
செயலாளர்