உசாத்துணை நூல்களைக் கிலோக் கணக்கில் விற்காதீர்கள்

மதிப்புக்குரிய நூலகக் குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். கூரை ஒழுகியது, வரலாற்று அலுமாரி நனைந்தது, நூல்கள் சாக்கு மூட்டைகளில் களஞ்சிய அறைக்குப் போயின, இப்போது அவை கிலோக் கணக்கில் விற்றுக் கழிக்கும் பட்டியலில் இருக்கின்றன. இவை தாங்கள் அறிந்தவையே. எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான்: பட்டியலை நிறுத்தி வையுங்கள், மூட்டைகளைத் திறக்க அனுமதி தாருங்கள்.

‘ஐந்து ஆண்டுகளாக இரவல் போகவில்லை’ என்பதே பட்டியலில் எழுதியுள்ள முதற் காரணம். அந்த அலுமாரியில் இருந்த மலையக வரலாறும் வாழ்க்கை வரலாறும் உசாத்துணைப் பகுதிக்குரியவை. அவற்றை வீட்டுக்குக் கொடுக்கக் கூடாது என்பது நூலகத்தின் விதி. அப்படியிருக்க, உள்ளே ஒட்டிய திகதித் தாள் வெறுமையாகத்தானே இருக்கும்? உசாத்துணை நூலின் பயன்பாட்டை அறிய வேண்டுமானால், வாசகர் மேசையில் விட்டுச் சென்ற நூல்களை மீண்டும் அடுக்குவதற்கு முன், ஒவ்வொரு பிரதிக்கும் நூலகம் இட்ட சேர்வு இலக்கத்தோடு குறித்து வைக்க வேண்டும். அந்தக் குறிப்பேடு இங்கு இல்லை. இல்லாத கணக்கை வைத்து ஒரு நூலை யாரும் படிக்கவில்லை என்று எப்படி முடிவெடுத்தீர்கள்?

பட்டியலில் உள்ளவற்றைப் பாருங்கள். 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கியவரின் வாழ்வைத் தேடித் தொகுத்த சாரல்நாடனின் ‘தேசபக்தன் கோ. நடேசய்யர்’ அதில் இருக்கிறது. 1947இல் தலவாக்கலைத் தொகுதியில் வென்று நாடாளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளையின் ‘நாடற்றவர் கதை’ இருக்கிறது. தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத் தொழிலாளரைப் பற்றி டொனவன் மொல்ட்ரிச் எழுதி 1989இல் வந்த ‘பிட்டர் பெரி பொண்டேஜ்’ இருக்கிறது. இவை எந்தப் புத்தகக் கடையிலும் நினைத்தவுடன் வாங்கக் கூடியவை அல்ல. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களிடம் பிரஜாவுரிமைக்குச் சான்றாகப் பத்திரம் கேட்டது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப எண்ணியது. வீட்டில் காகிதம் தங்காத சமூகத்துக்கு இந்த நூல்களே காகிதம்.

இரண்டாவது காரணம், ‘ஈரத்தால் பழுதடைந்தவை’. இதுதான் எங்களை மிகவும் வருத்துகிறது, ஏனெனில் பெரும் பழுது நனைந்ததால் வந்ததல்ல, மூட்டை கட்டியதால் வந்தது. நனைந்த தாளில் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். சாக்கில் திணித்துச் சீமெந்துத் தரையில் வைத்தால் ஈரம் வெளியேற வழியே இல்லை. வாழ்க்கை வரலாற்று நூல்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. அவற்றின் நடுவே படங்கள் அச்சான வழுவழுப்புத் தாள்கள் இருக்கும். அந்தத் தாளின் பூச்சு ஈரத்தில் பசையாகும். மூடியபடியே காய்ந்துவிட்டால் பக்கங்கள் ஒரே கட்டியாகிவிடும், பிரித்தால் முகங்கள் உரிந்து வரும். பழைய தொழிற்சங்கத் தலைவர் ஒருவரின் ஒளிப்படம் அந்த ஒரு நூலில் மட்டுமே இருந்தால், அதோடு அந்த முகமும் போயிற்று.

இன்னமும் காப்பாற்றலாம். ஈரமானவற்றை வெயிலில் போடக் கூடாது. அட்டை வளையும், தாள் மஞ்சளாகும். காற்றோட்டமான அறையில் மின்விசிறி நேராகப் படாமல் சுவரை நோக்கி ஓட வேண்டும். 10, 15 பக்கங்களுக்கு ஒரு அச்சில்லாத வெள்ளைத் தாளை வைத்து, அது நனைந்ததும் மாற்ற வேண்டும். பத்திரிகைத் தாள் வேண்டாம், மை ஒட்டும். படத்தாள்களுக்கு மட்டும் பக்கத்துக்குப் பக்கம் மெழுகுத்தாள் வைக்க வேண்டும். உடனே கைவைக்க முடியாதவற்றைப் பொலித்தீன் பையிலிட்டு ஆழ்குளிர்ப் பெட்டியில் வைத்தால் பூஞ்சணம் நின்றுவிடும். பிறகு ஆறுதலாகக் காய வைக்கலாம். பூஞ்சணம் பிடித்ததை ஈரத்தோடு துடைத்தால் அது தாளுக்குள் இறங்கும். முதலில் காய வைத்து, பிறகு முகக்கவசம் அணிந்து வெளியே மென்தூரிகையால் தட்ட வேண்டும். கிழிந்த இடத்தில் செலோடேப் வேண்டாம்; சில ஆண்டுகளில் அதன் பசை பழுப்புக் கறையாகத் தங்கிவிடும். அலுமாரியைத் திரும்ப வைக்கும்போது வெளிச்சுவரிலிருந்து 3 அங்குலமும் தரையிலிருந்து 4 அங்குலமும் இடைவெளி விடுங்கள். அறையின் ஈரப்பதன் 65 வீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஈரமானி போதும்.

நூல்கள் இணையத்தில் இருக்கின்றனவே என்று பதில் வரலாம். தமிழ் நூல்களைப் படியெடுத்து இணையத்தில் ஏற்றும் ‘நூலகம்’ நிறுவனத்தார் பெரும் பணி செய்கிறார்கள், அவர்களுக்கு நன்றி. ஆனால் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகளுக்குப் பதிப்புரிமை உண்டு. 1984இல் மறைந்த சி.வி.யின் எழுத்தைக் கூட உரித்தாளர் அனுமதி இல்லாமல் படியெடுத்து ஏற்ற முடியாது. படியெடுப்பதற்கும் கையில் ஒரு நல்ல பிரதி வேண்டும். அது இங்கிருந்து போய்விட்டால், பல்கலைக்கழக ஆய்வுக்காக ஒரே ஒரு அத்தியாயம் தேவைப்படும் தோட்டத்துப் பிள்ளை ஒரு நாள் கூலியைப் பஸ்ஸுக்குக் கொடுத்து வெளியூர் நூலகத்துக்குப் போக வேண்டும்.

2023இல், மலையக மக்கள் இந்தியாவிலிருந்து வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து ‘மலையகம் 200’ என்று மேடைகள் போட்டோம். அந்த மேடைகளில் பேசப்பட்ட வரலாறு இத்தகைய நூல்களிலிருந்து வந்தது. விழாவுக்குப் பணமும் பந்தலும் கிடைத்தன, இந்த நூல்களுக்கு ஒரு காய்ந்த அறை கிடைக்கவில்லை. இது உங்கள் குழுவின் குற்றம் மட்டுமல்ல. தேர்தலுக்குத் தேர்தல் நூலகம் கட்டித் தருவதாகச் சொன்ன எல்லோருக்கும் இதில் பங்குண்டு. கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்தருளுங்கள்.

நூல்கள் மீண்டும் அலுமாரிக்கு வரும்போது இன்னொன்றும் செய்யலாம். நூல்களைப் பொருள்வாரியாக அடுக்கும் பகுப்பு எண்களின்படி, இலங்கை வரலாறு 954.93இல், தொழிற்சங்கம் 331.88இல், தேயிலை 633.72இல், வாழ்க்கை வரலாறு 920இல் என்று மலையகம் பல தட்டுகளில் சிதறிக் கிடக்கிறது. பகுப்பு எண்ணை மாற்றாமல் முன்னால் ‘ம’ என்று ஒரு எழுத்தைச் சேர்த்து, ஒரே இடத்தில் மலையகச் சேகரமாக வையுங்கள்.

வெள்ளைத் தாள், மெழுகுத்தாள், தூரிகை, முகக்கவசம் ஆகியவற்றை நாங்கள் கொண்டு வருவோம், ஆட்களும் வருவார்கள். தங்களிடம் கேட்பது ஒரு அறையும் நூலகரின் மேற்பார்வையும்தான். பட்டியலை நிறுத்தி, அடுத்த கூட்டத்துக்குக் காத்திராமல் மூட்டைகளைத் திறக்க அனுமதி தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இவ்வண்ணம்,
உசாத்துணைப் பகுதி வாசகர்கள்