மூன்றாம் நாள் ரத்தத்தை வைத்து ‘டெங்கு இல்லை’ என்று எழுதிய ரிப்போர்ட் குறித்துப் புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு மேலாளர்,
ரத்தப் பரிசோதனை நிலையம்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

என் தங்கைக்குக் காய்ச்சல் கண்ட மூன்றாம் நாள் காலையில், டெங்கு ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்க உடம்பு தயாரிக்கும் புரதம்) பரிசோதனைக்காக உங்கள் நிலையத்தில் ரத்தம் கொடுத்தோம். மாலையே ரிப்போர்ட் போனுக்கு வந்துவிட்டது. இரண்டு வகை ஆன்டிபாடிகளின் முடிவு அதில் இருந்தது: ஐஜிஎம் நெகட்டிவ், ஐஜிஜி பாசிட்டிவ். அதற்குக் கீழே தடித்த எழுத்தில், "தற்போது டெங்கு தொற்று இல்லை, பழைய தொற்று" என்று ஒரு வரி. அந்த வரியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அதை நாங்கள் நம்பினோம். ஏதோ வைரஸ் காய்ச்சல், தானாகப் போய்விடும் என்று வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டோம். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. பல நாள் கழித்து அம்மா அன்றுதான் நிம்மதியாகப் படுத்தார். அன்று இரவே தங்கைக்கு வயிற்று வலியும் நிற்காத வாந்தியும் வந்தன. குளியலறைக்கு எழுந்து போனவள் சுவரைப் பிடித்தபடியே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

மருத்துவமனையில் ரத்த அழுத்தம் பார்க்கப் பட்டையைக் கட்டி அவிழ்த்தார்கள். பட்டைக்குக் கீழே, முழங்கையின் உள்பக்கம் முழுக்க, ஊசி முனையால் குத்தி எடுத்ததுபோலச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். நர்ஸ் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். புள்ளிகள் மறையவில்லை. அவர் எங்களிடம் ஒன்றும் சொல்லாமல் வேகமாகப் போய் டாக்டரை அழைத்து வந்தார்.

டாக்டர் உங்கள் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "இது காய்ச்சலின் எத்தனையாவது நாள் எடுத்த ரத்தம்?" என்பதுதான். அந்த விவரம் ரிப்போர்ட்டில் எங்கேயும் இல்லை. உங்கள் படிவத்தில் பெயர், வயது, போன் நம்பர், மின்னஞ்சல் முகவரி எல்லாம் கேட்டிருந்தீர்கள். காய்ச்சல் என்றைக்குத் தொடங்கியது என்று மட்டும் கேட்கவில்லை. டெங்கு ஆன்டிபாடி பரிசோதனையில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி அதுதான் என்பது அன்று இரவுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அவர் விளக்கியதை என் மொழியில் சொல்கிறேன். ஐஜிஎம் என்பது உடம்பு புதிதாக ஒரு கிருமியைச் சந்திக்கும்போது முதலில் தயாரிக்கும் ஆன்டிபாடி. அது ரத்தத்தில் தெரிய வருவதற்கே பெரும்பாலும் காய்ச்சலின் நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ ஆகிவிடும். சிலருக்கு இன்னும் தாமதமாகும். ஆகவே மூன்றாம் நாளில் ஐஜிஎம் நெகட்டிவ் என்றால் "இன்னும் வரவில்லை" என்று மட்டுமே சொல்ல முடியும், "டெங்கு இல்லை" என்று சொல்ல முடியாது. அந்த முதல் நாட்களில் பார்க்க வேண்டியது வைரஸின் புரதமான என்எஸ்1, அல்லது வைரஸின் மரபணுவையே தேடும் பிசிஆர். உங்கள் கவுன்டரில் எங்களிடம் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஐஜிஜி விஷயம் இதைவிட மோசம். அது தொற்று போன பிறகும் ரத்தத்தில் நீண்ட காலம் தங்கும் ஆன்டிபாடி. டெங்கு வைரஸில் 4 வகைகள் உண்டு. ஒரு வகை வந்து போனால் அந்த வகைக்கு எதிரான பாதுகாப்பு நீண்ட காலம் இருக்கும்; மற்ற மூன்றும் பிறகு வரலாம். முதல் தடவை டெங்கு வருபவருக்கு ஐஜிஜி முதல் வாரக் கடைசியில்தான் மெதுவாகத் தலைகாட்டும். ஏற்கெனவே ஒரு தடவை வந்தவருக்கோ உடம்பு பழகிய எதிரியைக் கண்டதுபோல ஆரம்ப நாட்களிலேயே ஐஜிஜியை வேகமாக ஏற்றிவிடும். அப்போது ஐஜிஎம் குறைவாக இருக்கலாம், தெரியாமலேயும் போகலாம். அதாவது, மூன்றாம் நாளில் ஐஜிஎம் நெகட்டிவ், ஐஜிஜி பாசிட்டிவ் என்பது இரண்டாவது டெங்குவின் அடையாளமாகவும் இருக்க இடம் உண்டு. இரண்டாவது தடவை வரும் டெங்குவில்தான் நிலைமை தீவிரமாகும் ஆபத்து அதிகம். எந்த நோயாளியை விழிப்பாகப் பார்க்கச் சொல்ல வேண்டுமோ, அவரைத்தான் நீங்கள் "பழைய தொற்று" என்று வீட்டுக்கு அனுப்பியிருக்கிறீர்கள்.

ஐஜிஜி பாசிட்டிவ் என்றாலே இரண்டாவது டெங்கு என்று நான் சொல்லவில்லை. பல வருடத்துக்கு முன் வந்து போன டெங்குவின் மிச்சமாகவும் அது இருக்கலாம். ஜப்பானிய மூளைக்காய்ச்சல், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிகளும் ஜிகா தொற்றும்கூட இந்தப் பரிசோதனையைக் குழப்பும் என்று டாக்டர் சொன்னார். அதனால்தான் சில நாள் கழித்து மறுபடி ரத்தம் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். தங்கைக்கு ஆறாம் நாள் எடுத்த ரத்தத்தில் ஐஜிஎம் பாசிட்டிவ் ஆகியிருந்தது. ஐஜிஜி அவ்வளவு சீக்கிரம் தெரிந்ததையும் சேர்த்துப் பார்த்து, இது இரண்டாவது தடவை என்றார்கள். எட்டு வருடத்துக்கு முன் ஒரு வாரம் படுக்கையில் கிடந்தாளே, அது என்ன காய்ச்சல் என்று அப்போது யாரும் பார்க்கவில்லை.

காய்ச்சல் விடும் நேரம்தான் டெங்குவில் ஆபத்தான நேரம். ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து, ரத்தம் கெட்டிப்பட்டு, அழுத்தம் இறங்குவது அப்போதுதான். நாங்களோ அன்றைக்குக் காய்ச்சல் குறைந்தது என்று சந்தோஷப்பட்டோம். நான்கு நாள் சலைன் ஏற்றி, ரத்தம் எவ்வளவு கெட்டிப்பட்டிருக்கிறது என்று காட்டும் ஹெமடோக்ரிட்டைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்து அவளைத் தேற்றினார்கள். இப்போது வீட்டில் இருக்கிறாள். மாடிப்படி ஏறினால் இன்னும் மூச்சு வாங்குகிறது.

உங்கள் உதவி எண்ணுக்கு அழைத்தபோது, "டெஸ்ட் சரியாகத்தான் செய்திருக்கிறோம் சார், மெஷின் காட்டியதைத்தான் கொடுத்தோம்" என்றார்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். முடிவில் தவறு இருப்பதாக நான் சொல்லவே இல்லை. அந்த ஒரு வரியை மெஷின் எழுதவில்லை. உங்கள் நிலையத்தில் யாரோ எழுதி வைத்த வாசகம் எல்லா ரிப்போர்ட்டிலும் தானாக ஏறுகிறது.

அந்த வாசகத்தை உடனே எடுங்கள். அதற்குப் பதிலாக, ஆரம்ப நாட்களில் எடுத்த ரத்தத்தை வைத்து டெங்கு இல்லை என்று முடிவு செய்ய முடியாது, டாக்டரைப் பார்க்கவும், தேவையானால் மறுபடி ரத்தம் கொடுக்கவும் என்று எழுதுங்கள். படிவத்தில் காய்ச்சல் தொடங்கிய தேதியையும், அண்மையில் போட்ட தடுப்பூசிகளையும் கேளுங்கள். ரத்தம் எடுத்தது எத்தனையாவது நாள், செய்தது சில நிமிடங்களில் முடிவு காட்டும் ரேபிட் கார்டா, ஆய்வகக் கருவியில் செய்யும் எலைசாவா என்பதை முடிவுக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள். முதல் ஐந்து நாட்களுக்குள் வருகிறவருக்கு என்எஸ்1 என்று ஒன்று இருப்பதைக் கவுன்டரில் சொல்லுங்கள். ஐஜிஎம் இரண்டு மூன்று மாதம் ரத்தத்தில் தங்கும் என்பதால், பாசிட்டிவ் வந்தவர்களுக்கும் இந்த விளக்கம் வேண்டும். முன்பு வந்த டெங்குவின் ஐஜிஎம்மைப் பார்த்துவிட்டு, இப்போதைய காய்ச்சலின் உண்மையான காரணத்தைத் தேடாமல் விட்டுவிடக்கூடாது.

எனக்குப் பணம் திருப்பித் தர வேண்டாம். தங்கையின் ரிப்போர்ட்டைத் திருத்தி, திருத்தம் என்று குறிப்பிட்டு அனுப்புங்கள். அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. கடந்த இரண்டு வாரத்தில் இதே வரியோடு ரிப்போர்ட் வாங்கியவர்கள் எல்லோருடைய போன் நம்பரும் உங்களிடம் இருக்கிறது. அவர்களை இன்றே அழைத்து, காய்ச்சல் விட்ட பிறகு வயிற்று வலி, தொடர் வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், அளவுக்கு மீறிய சோர்வு இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள். எத்தனை பேரை அழைத்தீர்கள் என்பதை எனக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
நோயாளியின் அண்ணன்

இணைப்பு: உங்கள் ரிப்போர்ட்டின் நகல், மருத்துவமனை ரத்தப் பரிசோதனை முடிவின் நகல்.