காற்று நாளில் வயலில் புறா வேட்டை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடி பிறந்து ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வேகம் பிடித்துவிட்டால், தோவாளை வட்டாரத்து வயல்வரப்புகளில் ஏர்கன் என்னும் காற்றுத் துப்பாக்கியுடன் இளைஞர்கள் இறங்குவது சில ஆண்டுகளாக வழக்கமாகிவிட்டது. இங்கே நெல்லும் பூவும் பயிரிடுகிறவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

காற்று நாளை அவர்கள் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. புறா காற்றை எதிர்த்தே தரையிறங்கும். பலத்த காற்றில் அது தாழ்வாகப் பறந்து வந்து, இறங்குவதற்கு முன் அந்தரத்தில் நின்றுவிட்டதுபோல் ஒரு கணம் தடுமாறும். குறிபார்ப்பவனுக்கு அந்த ஒரு கணம் போதும். காற்றின் இரைச்சலில் வெடிச்சத்தமும் அடுத்த வயலுக்குக் கேட்பதில்லை. இங்கிலாந்தில் வயலோரம் வலைமறைப்புக் கட்டி, பொம்மைப் புறாக்களைக் காற்றைப் பார்த்த முகமாகப் பரப்பி வைத்துக் காட்டுப்புறாவைச் சுடும் காணொளிகளைப் பார்த்தே இதைக் கற்றதாக, நான் மறித்துக் கேட்ட ஒரு தம்பி சொன்னார். அங்கே அந்தப் புறா பெருங்கூட்டமாக வந்து எண்ணெய்க் கடுகையும் பட்டாணியையும் முட்டைக்கோசையும் அழிக்கிறது. பயிரைக் காப்பதற்கென நிபந்தனைகளுடன் கூடிய பொது அனுமதியின் பேரில் சுடுகிறார்கள். நம் வயலில் இறங்குவதோ பெரும்பாலும் புள்ளிப்புறா.

சென்ற ஆவணியில் கன்னிப்பூ எனும் முதல் போக நெல்லை அறுத்த வயலில், சிறகடியில் குண்டு பாய்ந்து கிடந்த ஒரு புள்ளிப்புறாவை என் பேரன் எடுத்து வந்தான். கழுத்தடி இரைப்பை கிழிந்து தீனி வெளியே தெரிந்தது. உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தேன்: நெல்மணி நான்கைந்துதான் இருந்தது, மற்றதெல்லாம் கோரையும் புல்விதையும். அறுப்படிப்பு முடிந்த வயலில் சிந்திய நெல்லைப் பொறுக்குவதால் எவருக்கும் நட்டமில்லை. காய்ந்த மண்ணில் விதைக்கும் பொடிவிதைப்பு நேரத்தில் புறா விதையைக் கொத்தும் என்பதை நானும் மறுக்கவில்லை. அதற்கு வரப்புக் கம்புகளில் மினுங்கும் நாடாவை முறுக்கிக் கட்டினால் போதும், காற்று பலக்கப் பலக்க அது பலமாக ரீங்கரித்துப் பறவையை விரட்டும். (மயிலையும் பன்றியையும் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு என்னிடமும் பதில் இல்லை.)

புறாவைவிட எனக்குப் பெரிய கவலை மனிதர்களைப் பற்றியது. ஏர்கன் குண்டு எடை குறைந்தது. பலத்த காற்று அதைக் குறியிலிருந்து பக்கவாட்டில் தள்ளிவிடும். அடிபட்ட பறவை உடனே சாகாமல் குற்றுயிராகத் தவிப்பதும், தவறிய குண்டு எங்கோ போய் விழுவதும் அதனால்தான். போன மாதம் எங்கள் பிச்சித் தோட்டத்தில் பூப்பறித்துக்கொண்டிருந்த அக்காவின் இடுப்பில் இருந்த பிளாஸ்டிக் வாளியைக் குண்டு ஒன்று துளைத்தது. ஒரு சாண் தள்ளி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

சிறிய விசையுள்ள ஏர்கன் வாங்க ஆயுத உரிமம் தேவையில்லை என்பதால், அதைக் கொண்டு சுடுவதற்கும் தடையில்லை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். புள்ளிப்புறா 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ள பறவை. அந்தச் சட்டப்படி கொல்வது மட்டுமல்ல, கொல்ல முயல்வதும் வேட்டைதான். மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். மரகதப்புறாவை மாநிலப் பறவையாக வைத்திருக்கும் தமிழ்நாட்டில், அதுவும் 2022-இல் ராம்சார் தளமாக, அதாவது உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட சுசீந்திரம் தேரூர் குளங்களுக்கு இவ்வளவு அருகில், இதைச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

எனவே, ஆடி முதல் புரட்டாசி வரை வனத்துறையும் காவல்துறையும் சேர்ந்து, குறிப்பாகக் காலை ஆறு முதல் ஒன்பது மணி வரை, நான்கு வழிச்சாலையை ஒட்டிய வயல்களில் ரோந்து வர வேண்டும். ஏர்கன் விற்கும் கடைகளில் பறவைகளைச் சுடுவது குற்றம் என்ற அறிவிப்பைக் கட்டாயமாக்க வேண்டும். புகார் தெரிவிக்க வேண்டிய தொலைபேசி எண்ணைத் தோவாளை பூச்சந்தை வாசலில் எழுதி வைத்தால், விடியற்காலையில் வயலில் நிற்கும் பூப்பறிக்கும் பெண்களே முதலில் அழைப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
தோவாளை, கன்னியாகுமரி மாவட்டம்.