முப்பதுல நாலுதான் பேப்பர்ல

மாப்ள,

வாய்ஸ் நோட்டுக்கு பதிலே போடலன்னு திட்டியிருந்த, திட்டு, நியாயந்தான். நீ கேட்டதுக்கு ரெண்டு வரில சொல்ல முடியாதுன்னுதான் உக்காந்து பெருசா டைப் பண்றேன். அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுல ரொம்ப நிம்மதிடா. பிசியோ சொல்றத ஒழுங்கா செய்யச் சொல்லு, அவரு பாட்டுக்கு "எல்லாம் எனக்குத் தெரியும்"னு வெத்தலப் பெட்டியத் தொறந்துட்டு உக்காந்துருவாரு.

சரி, நான் சுடுற அந்த வீடியோ. "உனக்கு மிஷின் கன் எல்லாம் எவன்டா குடுத்தான்"னு கேட்டிருந்தல்ல, அது மிஷின் கன் இல்லடா. சாதா ஏஆர்-15 ரைபிள், ட்ரிகர ஒரு தடவ இழுத்தா ஒரு குண்டு, அவ்ளோதான். ஆபீஸ்ல கூட வேலை பாக்குற ஒருத்தரோட ரான்ச், பெரிய பண்ணைடா, டெக்ஸாஸ்ல எங்க ஆஸ்டின்ல இருந்து ஒன்றரை மணி நேரம். விசால இருந்த வரைக்கும் நான் துப்பாக்கியத் தொட்டதே இல்ல, ஹன்டிங் லைசென்ஸ் மாதிரி ஒண்ணு ரெண்டு விலக்கு தவிர சட்டமே விடாது. இப்பதான் கிரீன் கார்டு வந்துருச்சே, வா வான்னு இழுத்துட்டுப் போயிட்டாரு.

அவரு காட்டுனதுக்குப் பேரு பம்ப் ஃபயர் (bump fire). துப்பாக்கிய இடுப்போட வெச்சுக்கிட்டு விரல அசைக்காம நிறுத்திடணும், இன்னொரு கை துப்பாக்கிய முன்னாடி தள்ளுது, ட்ரிகர் வந்து விரல்ல இடிச்சு வெடிக்குது, அந்த உதையில துப்பாக்கி பின்னாடி போகுது, கை திரும்பத் தள்ளுது, திரும்ப இடிக்குது. விரல் இழுக்கல, துப்பாக்கிதான் விரல்மேல வந்து முட்டிக்குது. முப்பது குண்டு மேகசின், மூணு நாலு செகண்ட்ல காலி. கிட்டத்தட்ட பதினஞ்சு டாலர் புகையாப் போச்சு. பொய் சொல்ல மாட்டேன் மாப்ள, முடிஞ்சதும் நான் சிரிச்ச சிரிப்பு, வீடியோல நீயே கேட்டிருப்ப, சின்னப் பையன் சரவெடி கொளுத்துன மாதிரி.

அப்புறம் டார்கெட்டப் போயிப் பாத்தேன். இருபத்தஞ்சு கஜம்டா, நம்ம என்சிசி ரேஞ்சுல படுத்துக்கிட்டு பாயிண்ட் டூ டூ சுட்ட அதே தூரம். முப்பதுல நாலுதான் பேப்பர்ல இருக்கு. மீதி இருபத்தாறு? கொஞ்சம் பின்னாடி இருந்த மண் மேட்டுல, கொஞ்சம் முன்னாடி தரையில, மிச்சம் எங்கன்னு எனக்கும் தெரியல அவருக்கும் தெரியல. மேட்டுக்கு அந்தாண்ட சீடர் மரமா நிக்குது, அதுக்கப்புறம் பக்கத்து ரான்ச். "வீடு ஒரு மைல் தள்ளித்தான்"னு சாதாரணமா சொல்றாரு. கொஞ்சம் தூக்கிப் போயிட்டா அந்தக் குண்டு ரெண்டு மைலுக்கு மேல போகும்டா.

அப்ப எனக்கு நம்ம ஹவில்தார்தான் ஞாபகத்துக்கு வந்தாரு. ஆளுக்கு அஞ்சு ரவுண்டு, சுட்டு முடிச்சதும் அஞ்சு காலி கேஸையும் பொறுக்கிக் குடுக்கணும், ஒண்ணு கொறஞ்சுதுன்னு உன்ன அந்த வெயில்ல புல்லுக்குள்ள ஒரு மணி நேரம் தேட விட்டாரே. அங்க வெறும் பித்தளைக் கூட்டுக்கே அவ்ளோ கணக்கு. இங்க குண்டுக்கே கணக்கு இல்ல.

ரான்ச்காரர்கிட்ட இதச் சொன்னா, "என் நிலம், என் காசு, யாருக்கு என்ன நஷ்டம்? இதுல குறி வெச்சு ஒரு டப்பாவக்கூட அடிக்க முடியாது, இது போயி ஆபத்தா?"ங்கறாரு. நல்ல மனுஷன்டா, சும்மா சொல்லக்கூடாது, காதுக்கு மஃப் மாட்டாம என்ன கிட்டவே விடல. ஆனா இந்த "குறியே கிடையாதுல்ல"ங்கறதுதான் என்னால ஒத்துக்கவே முடியல. 2019ல அப்பா அம்மாவ வேகாஸ் கூட்டிட்டுப் போனேன்ல, அந்தத் தங்கக் கலர் மேண்டலே பே ஹோட்டல் முன்னாடி அம்மா போட்டோ எடுன்னாங்க, நான் 32வது மாடி எதுன்னு எண்ணிட்டு நின்னேன். 2017 அக்டோபர் 1 ராத்திரி அங்க இருந்துதான் ஒருத்தன் கீழ கச்சேரி பாத்துட்டிருந்த இருபதாயிரம் பேருக்கு மேல இருந்த கூட்டத்துமேல சுட்டான், பம்ப் ஸ்டாக் மாட்டுன துப்பாக்கிங்க, சுமார் பத்து நிமிஷத்துல ஆயிரத்துக்கும் மேல குண்டு. அப்பவே 58 பேரு, காயத்தோட இருந்து பின்னாடி செத்தவங்களச் சேத்தா 60. அவ்ளோ கூட்டத்துல அவனுக்குக் குறி எதுக்குடா?

பம்ப் ஸ்டாக்னா வேற ஒண்ணும் இல்ல, நான் இடுப்புல வெச்சுப் பண்ண அதே வேலைய தோள்ல வெச்சு பண்ண விடுற பிளாஸ்டிக் கட்டை. 2010ல இது மிஷின் கன் இல்லன்னு ஏடிஎஃப்பே, அதான் துப்பாக்கி விவகாரம் பாக்குற மத்திய அரசு ஏஜென்சி, லெட்டர் குடுத்துச்சு, வேகாஸுக்கு அப்புறம் 2018 கடைசில மிஷின் கன்தான்னு மாத்திச் சொல்லி, 2019 மார்ச்ல இருந்து தடை. எங்க ஆஸ்டின்லயே மைக்கேல் கார்கில்னு ஒரு துப்பாக்கிக் கடைக்காரர், தன்கிட்ட இருந்த ரெண்டையும் ஒப்படைச்சுட்டு கேஸ் போட்டாரு, 2024 ஜூன்ல சுப்ரீம் கோர்ட்ல 6-3ன்னு ஜெயிச்சும் புட்டாரு. 1934 சட்டத்துல "ட்ரிகரோட ஒரே இயக்கத்துல" ஒண்ணுக்கு மேல தானா வெடிச்சாத்தான் மிஷின் கன்னு இருக்கு, இதுல ஒவ்வொரு குண்டுக்கும் ட்ரிகர் தனியா இயங்குதுன்னு ஜட்ஜ் தாமஸ் தீர்ப்புக்குள்ள படமே போட்டு விளக்குனாரு. எதிர்த்து எழுதுன ஜட்ஜ் சோட்டோமேயர், வாத்து மாதிரி நடந்து வாத்து மாதிரி நீந்தி வாத்து மாதிரி கத்துனா அத வாத்துன்னுதான் சொல்லுவேன்னு எழுதுனாங்க. சட்டத்த எழுத்துக்கு எழுத்து படிச்சா தாமஸ் சொல்றது சரின்னுதான் எனக்குப் படுது, மாத்தணும்னா காங்கிரஸ்தான், அதாவது இங்கத்த பார்லிமென்ட்தான் மாத்தணும். ஆனா நான் அங்க நின்னு கேட்ட சத்தம் வாத்து சத்தந்தான்டா.

காசு குடுத்துப் போற ரேஞ்சுங்க பலதுல செகண்டுக்கு ஒண்ணுக்கு மேல சுடாதன்னு போர்டே இருக்கும், இதுல இறங்குனா வெளிய போன்னுருவான். அவனுக்கு கோர்ட்டும் வேணாம் வாத்தும் வேணாம், சுவர்ல விழுற ஓட்டைதான் கணக்கு.

அடுத்த மாசம் திரும்பக் கூப்பிடுறாரு. போவேன், பார்பிக்யூ பிரமாதமா போடுவாரு, ஆனா சுடுறதுன்னா படுத்துக்கிட்டு அஞ்சு ரவுண்டுதான்னு சொல்லிட்டேன், "உனக்கு வயசாயிருச்சு"ன்னு சிரிச்சாரு. ஆயிருச்சுதானே.

உன் பொண்ணு கவுன்சிலிங் என்னாச்சு? திருச்சியா கோவையா? எது கெடச்சாலும் போன் பண்ணு.

இன்னொண்ணு. அன்னிக்கி சூடா ஒரு காலி கேஸ் பறந்து வந்து என் காலருக்குள்ள விழுந்துருச்சு, கழுத்துல அச்சு மாதிரி தழும்பு. வீட்ல காபி கொட்டிருச்சுன்னு சொல்லி வெச்சிருக்கேன். வீடியோ உனக்கு மட்டுந்தான் அனுப்பிச்சேன், ஃபேமிலி குரூப்புல போட்டுத் தொலைச்சுடாத.

உன்
பழைய ரூம்மேட்