காங்கயத்தில் பஸ்கள் சந்திக்க வேண்டும்: பயணிகள் சங்கச் செயலாளரின் 2025–26 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

போன வருடம் வரை நம் மனுக்களில் பெரும்பாலும் ஒரே கோரிக்கைதான் இருந்தது: இன்னொரு பஸ் விடுங்கள். இந்த வருடம் அதை எழுதுவதற்கு முன்னால் ஒரு நோட்டும் பேனாவுமாகக் காங்கயம் பஸ் ஸ்டாண்டில் முறை வைத்து உட்கார்ந்தோம். எந்த ஊர் வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது, எவ்வளவு பேர் நின்றுகொண்டு போனார்கள் என்று குறித்தோம். நம் சங்கத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற டைம் கீப்பர் ஐயா முதல் நாள் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "பஸ் பத்தாமெ இல்லீங்க, எல்லாம் ஒண்ணு பின்னாடி ஒண்ணு வருது" என்றார். அவர் சொன்னதுதான் இந்த வருட வேலை முழுக்க வழிகாட்டியது.

கணக்கு எளிதானது. ஒரு மணி நேரத்தில் 4 பஸ் கால் மணிக்கு ஒன்றாக வந்தால், எந்த நேரத்தில் வந்து நிற்பவரும் சராசரியாக ஏழரை நிமிடம்தான் காத்திருப்பார். அதே 4 பஸ்ஸும் சேர்ந்தாற்போல வந்து போய்விட்டால் சராசரிக் காத்திருப்பு 30 நிமிடம். டீசல் அதேதான், டிரைவர் கண்டக்டர் சம்பளமும் அதேதான். பயணியின் நேரம் மட்டும் நாலு மடங்கு போகிறது. முன்னால் போகிற வண்டிக்குத்தான் ஆள் கிடைக்கும் என்று ஒவ்வொருவரும் ஓட்டும்போது நேர அட்டவணை குலைந்துபோகிறது. இதை ஆர்.டி.ஓ. அலுவலகம் நடத்தும் நேர நிர்ணயக் கூட்டத்தில் பேச வேண்டும் என்று மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்திருக்கிறோம். வட்டாரப் போக்குவரத்து ஆணையத்துக்குத் தலைவரும் ஆட்சியர்தான் என்பதால் அங்கேயே கொடுத்தோம்.

அடுத்து, நம் ஊரின் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கரூரிலிருந்து வெள்ளகோவில் வழியாக வந்து பல்லடம், சூலூர் போய்க் கோவையைத் தொடுகிறது தேசிய நெடுஞ்சாலை 81. ஈரோட்டிலிருந்து அரச்சலூர் வழியாக வரும் ரோடு ஊதியூர், தாராபுரம் கடந்து பழனிக்குப் போகிறது. திருப்பூர் ரோடு படியூர் வழியாக வந்து சேர்கிறது. இந்த மூன்றும் கூடுகிற இடம் காங்கயம். கொங்கு நாட்டுக்காரர் எல்லோரும் ஒரே ஊருக்கு ஓடுவதில்லை. பனியன் வேலைக்குத் திருப்பூர், ஜவுளிக்கு ஈரோடும் கரூரும், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கோவை, சாமி கும்பிடப் பழனி என்று நாலா பக்கமும் போய் வருகிறவர்கள் நாம். அதனால் ஒவ்வொரு ஊருக்கும் நேர் பஸ் கேட்டால் எந்த அரசாலும் கொடுத்து முடியாது. ஆனால் வண்டிகள் ஒரே நேரத்தில் வந்து, ஆள் மாறி ஏறிப் பிரிந்து போனால், இருக்கிற பஸ்களை வைத்தே எந்த ஊரிலிருந்தும் எந்த ஊருக்கும் போக முடியும்.

சுவிட்சர்லாந்து நாட்டில் 1982 முதல் நாடு முழுக்க இப்படி ஓட்டுகிறார்கள். ரயில் ஒவ்வொரு மணியும் அதே நிமிடத்தில் வரும். மலைக்கிராமத்து மஞ்சள் நிறத் தபால் பஸ் அதற்குக் காத்து நிற்கும். அட்டவணைப் புத்தகம் பார்க்க வேண்டியதே இல்லை, நிமிடம் மட்டும் ஞாபகம் இருந்தால் போதும். நம் திட்டமும் அதுதான். காங்கயத்தில் எல்லாத் திசை விரைவு பஸ்களும் மணிக்கும் அரை மணிக்கும் சற்று முன்னால் வந்து, பத்து நிமிடம் சேர்ந்து நின்று, பிறகு கிளம்ப வேண்டும்.

இதற்கு இடைஞ்சலாக இருப்பது யாருடைய கெட்ட எண்ணமும் அல்ல என்று நான் நம்புகிறேன். நம் ஸ்டாண்டுக்குள் வரும் அரசு பஸ்களைப் பாருங்கள். திருப்பூர், ஈரோடு வண்டிகள் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கோவைக் கோட்டம். கரூர் வண்டி கும்பகோணம் கோட்டம். பழனி வண்டி மதுரைக் கோட்டம். தனியார் பஸ்கள் வேறு. 1972-ல் கோவையில் சேரன் போக்குவரத்துக் கழகம் தொடங்கியதும், 1983-ல் ஈரோட்டுக்கு ஜீவா போக்குவரத்துக் கழகம் வந்ததும் நம்மில் வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பெயர்கள் மாறிவிட்டன, ஆனாலும் அட்டவணை இன்னமும் அவரவர் எல்லைக்குள்தான் போடப்படுகிறது. காங்கயத்தை நடுவில் வைத்து மொத்தமாகப் பார்க்க ஒரு மேசை இல்லை. கோட்டங்களும் தனியார் உரிமையாளர்களும் சேர்ந்து உட்காரும் கூட்டம் வருடத்துக்கு ஒருமுறையாவது வேண்டும் என்பதை இந்த வருடத்தின் முதல் கோரிக்கையாக வைத்தோம். பதில் இன்னும் வரவில்லை.

வேகம் பற்றிப் பேசும்போது சிலர் "வேகமா ஓட்டச் சொல்றீங்களா?" என்று கேட்டார்கள். இல்லை. வண்டி நிற்கிற நேரத்தைக் குறைக்கச் சொல்கிறோம். கோவைக்குப் போய்த் திரும்பிவர, நின்று கிளம்பும் நேரமும் சேர்த்து 4 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். அரை மணிக்கு ஒன்று ஓட்ட 8 பஸ் வேண்டும். அதையே மூன்றரை மணியாகக் குறைத்தால் 7 போதும். மிஞ்சுகிற ஒன்றைத் தாராபுரத்துக்கு விடலாம். பல்லடம் நெரிசலை நம்மால் மாற்ற முடியாது, ஆனால் கிளம்பும் ஸ்டாண்டிலேயே டிக்கெட் போட்டு முடிப்பது, கை காட்டுகிற இடத்திலெல்லாம் நிற்காமல் இருப்பது, இவை முடியும். 2018 ஜனவரியில் மாற்றிய கட்டணப்படி ஊர் விட்டு ஊர் போகும் சாதாரண மப்சல் பஸ்ஸுக்குக் கிலோமீட்டருக்கு 58 காசு, எக்ஸ்பிரஸுக்கு 75 காசு. 75 காசு வாங்கினால் எக்ஸ்பிரஸாகத்தான் ஓட வேண்டும்.

ஒரு சம்பவத்தை இங்கே பதிவு செய்கிறேன். நம் உறுப்பினர் ஒரு அம்மணி, ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வயதான தாயாரோடு கோவையில் பஸ் ஏறப் போயிருக்கிறார். வரிசையாக நின்ற வண்டிகளில் எல்லாம் ஒரே சத்தம்: "காங்கயம், வெள்ளகோவில் ஏறாதீங்க, திருச்சி மட்டும் ஏறுங்க." ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்தப் பாட்டியம்மா நின்றிருக்கிறார். கடைசியில் இருவரும் பல்லடம் வரை ஒரு டவுன் பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ் என்று ராத்திரி வீடு சேர்ந்தார்கள். எனக்கு இதைக் கேட்டு ரொம்ப வருத்தமாக இருந்தது. சில கண்டக்டர்களிடம் போய்ப் பேசினோம். பாதி வழியில் இறங்குகிறவரை ஏற்றினால் அந்த சீட் அப்புறம் காலியாகவே போகும், கலெக்‌ஷன் குறையும் என்றார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதனால் தூரத்து வண்டிகளைக் குறை சொல்வதை விட்டுவிட்டு, கோவை–கரூர் இடையே காங்கயம், வெள்ளகோவில் பயணிகளுக்கென்றே ஒரு விரைவு பஸ் வரிசை கேட்கிறோம். திருச்சி வண்டி திருச்சிக்காரருக்கே இருக்கட்டும்.

பைபாஸ் விஷயத்தில் நமக்குள்ளேயே ஒற்றுமை இல்லை என்பதை மறைக்க வேண்டாம். விரைவு பஸ் ஒவ்வொரு ஊருக்குள்ளும் நுழைந்தால் நேரம் போய்விடும். நுழையாவிட்டால் ராத்திரியில் பெண்களைப் பாலத்தடி இருட்டில் இறக்கிவிட்டுப் போகிறார்கள். செயற்குழுவில் இரண்டு முறை சத்தமாகவே பேசினோம். என் கருத்து இது: பகலில் பைபாஸில் நிற்கட்டும், ஆனால் விளக்கும் நிழலும் கழிப்பறையும் ஊருக்குள் போகும் இணைப்பு பஸ்ஸும் அங்கே இருக்க வேண்டும். இரவு 8 மணிக்கு மேல் ஊருக்குள் வந்தே ஆக வேண்டும். இணைப்புக்குப் புதிய மினி பஸ் திட்டம் உதவும் என்று நினைக்கிறேன். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், எக்ஸ்பிரஸ் வருவதையும் விட்டுவிட்டு டவுன் பஸ் மாறி மாறி வேலைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் மாறும் இடங்களிலும் நேரம் பொருந்த வேண்டும். அவிநாசிபாளையம் நால்ரோட்டை இதற்காகத் தனியாகக் குறிப்பிட்டிருக்கிறோம்.

தைப்பூசத்துக்குச் சிறப்பு பஸ் விடுவது வேண்டியதுதான். எந்தெந்த வழக்கமான டிரிப் நிறுத்தப்படும் என்று முன்கூட்டியே ஸ்டாண்டில் எழுதிப் போட்டால் போதும் என்று கேட்டோம். இந்த வருடம் ஒரு கரும்பலகை வைத்து எழுதினார்கள். நமக்குக் கிடைத்த ஒரே உடனடிப் பலன் அது. எழுதி வைத்தவர்களுக்கு நன்றி.

அக்டோபரில் கோவை அவினாசி ரோட்டில் 10.1 கி.மீ. மேம்பாலம் திறந்து ஜி.டி. நாயுடு பெயர் வைத்தார்கள். அவர் 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸோடு பொள்ளாச்சி–பழனி ரோட்டில் தொழிலைத் தொடங்கியவர். புதுப் பாலத்தில் போகும் பஸ்ஸுக்குப் பழைய ஓட்ட நேரமே அட்டவணையில் இருந்தால் மிஞ்சும் நிமிடங்கள் யாருக்கும் பயன்படாது. அதைத் திருத்தச் சொல்லியும் எழுதியிருக்கிறோம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். அடுத்த கணக்கெடுப்பு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில், மாணவர்கள் ஊர் திரும்பும் நேரத்தில். பழனி ரோட்டுப் பக்கம் உட்கார இன்னும் இரண்டு பேர் குறைகிறார்கள். வர முடிகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் துணைச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். நோட்டு சங்கமே தரும்.

இப்படிக்கு,
செயலாளர்