மார்ச் மாதமே சொல்லிவிடுங்கள்

மதிப்புக்குரிய இங்கிலீஷ் ஃபுட்பால் லீக் நிர்வாகக் குழுவினருக்கும், 72 கிளப்புகளின் உரிமையாளர்களுக்கும்,

வணக்கம். இந்தக் கடிதத்தின் ஆங்கிலப் படியைப் பிரெஸ்டனில் இருக்கும் உங்கள் அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பிவிட்டேன். அதையே தமிழிலும் எழுதக் காரணம் இருக்கிறது. என் சொந்தக்காரர்களும் நண்பர்களும் ஆர்சனல், லிவர்பூல், மான்செஸ்டர் யுனைடெட் என்று உயிரை விடுகிறவர்கள். பிரீமியர் லீக்குக்குக் கீழே உங்கள் லீக் நடத்தும் மூன்று டிவிஷன்கள் இருக்கின்றன, அங்கேயும் மனிதர்கள் இதே ஆட்டத்தை ஆடித்தான் குடும்பம் நடத்துகிறார்கள் என்பது அவர்களுக்கும் தெரியட்டும். ஒப்பந்தம் முடியப்போகிற ஆட்டக்காரரிடம், அடுத்த சீசனில் இருப்பாரா போவாரா என்பதை மார்ச்சிலேயே சொல்லிவிடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

சில வருடங்களுக்கு முன், ஒரு மே மாதச் செவ்வாய்க்கிழமை, அடுத்த சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்க எங்கள் ஊர் மைதானத்துக்குப் போயிருந்தேன். லீக் டூ கிளப், அதாவது அந்த மூன்றில் கடைசி டிவிஷன். பெயர் வேண்டாம். கார் நிறுத்துமிடத்தில் எங்கள் மிட்ஃபீல்டர் (நடுக்கள ஆட்டக்காரர்) ஒருவர் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். கையில் ஒரு கறுப்புக் குப்பைப் பை. அதற்குள் இரண்டு ஜோடி பூட்ஸ், ஷின் பேட், பாதி தீர்ந்த ஒரு டேப் சுருள். டிரெஸ்ஸிங் ரூமில் அவருக்கு இருந்த உடைமை அவ்வளவுதான். அன்று காலைதான் கிளப்பின் இணையதளத்தில் 'ரீட்டெய்ன்ட் லிஸ்ட்' வந்திருந்தது. யார் இருக்கிறார், யார் போகிறார் என்ற பட்டியல். போகிறவர்கள் வரிசையில் அவர் பெயரும் இருந்தது. கீழே, இதுவரை ஆடியதற்கு நன்றி என்று ஒரு வரி.

அதற்குப் பத்து நாள் முன்னால்தான், சீசனின் கடைசி மேட்ச் முடிந்து, இரண்டு பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தார். நாங்கள் எழுந்து நின்று கைதட்டினோம். தான் போகப் போகிறோம் என்று அப்போது அவருக்கே தெரியாது.

என்ன சொல்வதென்று தெரியாமல், ரொம்ப வருத்தமாக இருக்கிறது என்றேன். அவர் கிளப்பைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "மூத்தவளுக்கு செப்டம்பரில் ஸ்கூல். இங்கேயே இடம் கிடைத்துவிட்டது. ஸ்கூல் ஸ்வெட்டர்கூட வாங்கியாகிவிட்டது" என்றார். டிக்கியை மூடினார். எனக்குக் கை கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

அந்த ஸ்வெட்டர் என் மனதை விட்டுப் போகவே இல்லை.

இவரைப் போன்றவர்களை உங்கள் நாட்டில் 'ஜர்னிமேன்' என்கிறார்கள். ஊர் ஊராகப் போகிறவர் என்று இன்று எல்லாரும் நினைக்கிறார்கள். பழைய பொருள் வேறு. பயிற்சிக்காலத்தை முடித்து, வேலையை முழுதாகக் கற்று, நாள் கணக்கில் கூலி வாங்கும் தொழிலாளிக்கு அந்தப் பெயர். பிரெஞ்சில் 'நாள்' என்பதற்கான சொல்லிலிருந்து வந்தது. தொழில் தெரிந்தவர், சொந்தப் பட்டறை இல்லாதவர். கீழ் டிவிஷன் மிட்ஃபீல்டருக்கு இந்தப் பழைய பொருள்தான் சரியாகப் பொருந்துகிறது.

அவர் என்ன செய்கிறார் என்பதைக் கம்பியோரம் நின்று பார்த்தால்தான் தெரியும். டிவி கேமரா பந்தோடு போய்விடும். எழுபதாவது நிமிடம், மழை, கோல்கீப்பர் நீளமாக உதைத்த பந்து வானத்தில் இருக்கிறது. தலையால் முட்டப் போகிறவர்களைத்தான் எல்லாரும் பார்க்கிறோம். அவரோ, அது எங்கே வந்து விழும் என்று கணக்குப் போட்டு ஐந்து அடி நகர்ந்து நிற்கிறார். முட்டிய பிறகு விழுகிற அந்த 'இரண்டாம் பந்து' பெரும்பாலும் அவர் காலுக்குத்தான் வருகிறது. அதற்கு நடுவே பத்தொன்பது வயது ஃபுல்பேக்கை (ஓரத் தடுப்பாட்டக்காரரை)ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "இரண்டடி உள்ளே வா" என்று கையைக் காட்டுகிறார். எதிரணி வேகமாகத் திரும்பும்போது, இது கோலாகும் என்று தெரிந்தால், சட்டையைப் பிடித்து இழுத்து மஞ்சள் அட்டை வாங்கிக்கொள்கிறார். மறுநாள் பத்திரிகையில் அவருக்கு ஒரு வரி கிடைப்பதே அபூர்வம்.

டோனி ஃபோர்டை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் தமிழ் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். கிரிம்ஸ்பியில் பிறந்து, 1975-ல் பதினாறு வயதில் சொந்த ஊர் கிளப்புக்கு ஆட ஆரம்பித்தவர். வலது பக்க மிட்ஃபீல்டராகவும் பின்னாளில் ஃபுல்பேக்காகவும் ஆடினார். ஸ்டோக், வெஸ்ட் ப்ரோம், மறுபடி கிரிம்ஸ்பி, ஸ்கன்தோர்ப், மான்ஸ்ஃபீல்ட், கடைசியில் ரோச்டேல் என்று 2001 வரை ஓடினார். லீக் மேட்ச் மட்டும் 931. கோல்கீப்பர்களை விட்டுவிட்டால் உங்கள் லீக்கின் வரலாற்றில் அவ்வளவு ஆடியவர் வேறு யாரும் இல்லை. அரசாங்கமே எம்.பி.இ. பட்டம் கொடுத்தது.

அந்தோணி கிராண்ட் இன்னொரு விதம். செல்சியில் வளர்ந்தவர். 2005 மே மாதம், செல்சி சாம்பியன் ஆன சீசனில், ஓல்ட் ட்ராஃபோர்டில் பதினேழு வயதில் மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். செல்சிக்காக அவர் ஆடிய ஒரே லீக் மேட்ச் அதுதான். அப்புறம் சவுத்எண்ட், ஸ்டீவனேஜ், போர்ட் வேல், பீட்டர்பரோ, ஷ்ரூஸ்பரி, ஸ்விண்டன் என்று பல வருடம் மிட்ஃபீல்டில் உழைத்தார். அவரைத் தோற்றுப்போனவர் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அத்தனை மேனேஜர்கள் அவரை மாறி மாறிக் கூப்பிட்டார்கள் என்றால் தொழில் சுத்தம் என்றுதானே அர்த்தம்?

சரி, என் கோரிக்கைக்கு வருகிறேன்.

இவர்களில் பலருக்கு ஒப்பந்தம் ஒரு வருடம், போனால் இரண்டு வருடம். அது ஜூன் 30-ம் தேதி முடிகிறது. இருப்பாரா போவாரா என்று மே மாதத்தில்தான் தெரிகிறது. சில ஒப்பந்தங்களில், இத்தனை மேட்ச் ஆடினால் தானாக இன்னொரு வருடம் நீளும் என்ற வரி இருக்கும். இன்னும் ஒரு மேட்ச் ஆடினால் போதும் என்ற நிலையில் ஒருவர் திடீரென்று பெஞ்சில் உட்காருவதை கேலரியில் இருக்கிற நாங்களும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். இன்னும் சிலவற்றில் ஒப்பந்தத்தை நீட்டிக்கும் உரிமை கிளப்புக்கு மட்டும் இருக்கும், ஆட்டக்காரருக்கு இருக்காது.

இனி அவர் வீட்டுக் காலண்டரைப் பாருங்கள். இங்கிலாந்தில் ஆரம்பப் பள்ளிக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஜனவரி 15. இடம் எங்கே என்று சொல்வது ஏப்ரல் 16. மேல்நிலைப் பள்ளிக்கு அக்டோபர் 31-க்குள் விண்ணப்பம், மார்ச் 1-ல் பதில். பெரும்பாலும் வீடு எவ்வளவு பக்கம் என்பதை வைத்துத்தான் இடம். ஆக, அடுத்த செப்டம்பரில் எந்த ஊரில் இருப்போம் என்று தெரியாத ஒருவர், போன அக்டோபரிலும் ஜனவரியிலும் ஒரு முகவரியை எழுதிக் கொடுத்திருக்கிறார். மே மாதம் அந்த முகவரி செல்லாமல் போகிறது. ஜூலை கடைசியில் புது கிளப் கிடைக்கும்போது அந்த ஊர்ப் பள்ளிகளில் மிச்சம் இருக்கிற இடம்தான். வாடகை வீட்டுக்கும் இதே கதி. மனைவிக்கு ஒரு வேலை இருந்தால் அதற்கும் இதே கதி.

இதில் எனக்குப் புரியாத ஒன்று உண்டு. ஒப்பந்தத்தில் ஆறு மாதத்துக்கும் குறைவாக இருந்தால், ஜனவரியிலேயே ஒருவர் கிரீஸிலோ டென்மார்க்கிலோ இருக்கிற கிளப்போடு பேசி அடுத்த சீசனுக்குக் கையெழுத்துப் போடலாம். பக்கத்து ஊரில், நாற்பது மைலில் இருக்கிற கிளப்போடு பேச மட்டும் இப்போதைய கிளப்பின் அனுமதி வேண்டும். பிள்ளைகளைப் பள்ளி மாற்றாமல் இருக்க வழி கொடுக்கும் கிளப் அதுதானே!

'ரீட்டெய்ன்ட் லிஸ்ட்' என்ற பெயரே பழைய கசப்பை நினைவுபடுத்துகிறது. ஒரு காலத்தில் ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரரின் பதிவைக் கிளப் தன்னிடமே வைத்துக்கொண்டு, அவரை வேறு எங்கும் ஆட விடாமல் தடுக்கலாம். சம்பளம் கொடுக்காமலே கூட. வாரத்துக்கு 20 பவுண்டுதான் உச்சவரம்பு என்ற விதியை 1961-ல் ஜிம்மி ஹில் தலைமையில் ஆட்டக்காரர் சங்கம் உடைத்தது. நியூகாசிலை விட்டு ஆர்சனலுக்குப் போக நினைத்த ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் வழக்குப் போட்டார். 1963-ல் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ், இந்தப் பிடித்துவைக்கும் முறை ஒருவர் தொழில் செய்வதை நியாயமில்லாமல் தடுக்கிறது என்று தீர்ப்பளித்தார். அன்று பிரச்சினை, விட மாட்டேன் என்பது. இன்று, விடப்போவதைச் சொல்ல மாட்டேன் என்பது.

நான் கேட்பது இதுதான். ஒப்பந்தம் முடியப்போகிற ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும், அடுத்த சீசனுக்கு வேண்டுமா வேண்டாமா என்பதை மார்ச் 31-க்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். அதற்கு முன் மேனேஜர் நேரில் உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால், அன்று முதல் எந்த இங்கிலாந்து கிளப்போடும் பேச அவருக்கு உரிமை வேண்டும்.

மார்ச்சில் எங்களுக்கே எந்த டிவிஷனில் இருப்போம் என்று தெரியாதே என்பீர்கள். நியாயமான கேள்வி. கீழ் டிவிஷனுக்கு இறங்கினால் வருமானம் சரியும், சம்பளப் பட்டியல் சுருங்கும். அப்படியானால் அதையே எழுதிக் கொடுங்கள்: இந்த டிவிஷனில் நின்றால் வைத்துக்கொள்கிறோம், இறங்கினால் முடியாது என்று. நிபந்தனையோடு ஒரு பதில் கையில் இருந்தால் ஒரு குடும்பம் திட்டம் போடலாம்.

வேண்டாம் என்று மார்ச்சில் சொன்னால் ஏப்ரலில் மனசு விட்டு ஆட மாட்டார்கள் என்றும் சொல்வீர்கள். இதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். 2012 ஏப்ரலில், உங்கள் அலுவலகம் இருக்கும் அதே ஊரில், டீப்டேல் மைதானத்தில் நடந்தது உங்களுக்கு மறந்திருக்காது. கிரஹாம் அலெக்ஸாண்டருக்கு நாற்பது வயது. ஸ்கன்தோர்ப், லூட்டன், பிரெஸ்டன், பர்ன்லி என்று ஆயிரத்துக்கு மேல் மேட்ச் ஆடியவர், அதுதான் தன் கடைசி மேட்ச் என்று தெரிந்தே பிரெஸ்டனுக்காக இறங்கினார். எதிரணியான சார்ல்டன் முன்னிலையில் இருந்தது. தொண்ணூறு நிமிடம் தாண்டிச் சேர்த்த நேரத்தில் ஒரு ஃப்ரீ கிக். பந்தை நேராக வலைக்குள் அடித்து ஆட்டத்தைச் சமன் செய்தார். போகப்போகிறோம் என்று தெரிந்த ஒருவர் அப்படித்தான் ஆடுவார். அதிலும் அடுத்த வேலை தேடுகிற ஒருவருக்கு, ஏப்ரலில் ஆடும் ஒவ்வொரு மேட்சும் ஒரு நேர்முகத் தேர்வு.

2025-ல் வந்த புதுச் சட்டத்தின்படி இப்போது கால்பந்துக்குத் தனி ஒழுங்குமுறை அமைப்பு வந்துவிட்டது. வரவேற்கிறேன். 2019-ல் 1885-ம் வருடத்துக் கிளப்பான பெரி லீக்கை விட்டு வெளியேற்றப்பட்டதைப் பார்த்தவர்கள் வேறெப்படி நினைப்போம்? அந்த வசந்தத்தில் சம்பளம் பாக்கி இருந்தபோதும் ஆடி, அணியை ஒரு டிவிஷன் மேலே, லீக் ஒன்னுக்கு ஏற்றிவிட்டவர்கள் அந்த ஆட்டக்காரர்கள். புதுச் சட்டம் கிளப்பின் பணநிலையைப் பார்க்கிறது, சட்டை நிறத்தையும் சின்னத்தையும் மைதானத்தையும் காக்கிறது. அந்தச் சட்டைக்குள் இருக்கிற ஆளின் காலண்டரை நீங்கள்தான் பார்க்க வேண்டும். அதற்குச் சட்டம் தேவையில்லை, உங்கள் விதிப்புத்தகத்தில் ஒரு பத்தி போதும். 1907-ல் மான்செஸ்டரில் தொடங்கிய ஆட்டக்காரர் சங்கத்துக்கும் இதன் ஒரு படியை அனுப்பியிருக்கிறேன்.

எங்கள் மிட்ஃபீல்டருக்கு ஜூலைக் கடைசியில் ஒரு கிளப் கிடைத்தது, நூற்றைம்பது மைல் தள்ளி. குடும்பம் இங்கேயே தங்கிவிட்டது. அவர் வேறு மூன்று ஆட்டக்காரர்களோடு ஒரே காரில் போய்வந்தார். 'கார் ஸ்கூல்' என்பார்கள் அதை. புதன்கிழமை பயிற்சி கிடையாது. அப்படி ஒரு புதன்கிழமை, பள்ளி விடுகிற நேரத்தில் அவரை வாசலில் பார்த்தேன். மகள் ஓடி வந்தாள். ஸ்வெட்டர் கொஞ்சம் பெரிது, கை நீளத்தை மடித்து விட்டிருந்தார்கள்.

ஜூன் மாதம் நடக்கும் உங்கள் வருடாந்திரப் பொதுக்கூட்டத்தில் 72 கிளப்புகளும் உட்காருவீர்கள். இந்தக் கோரிக்கையை நிகழ்ச்சிநிரலில் சேர்த்து வாக்கெடுப்புக்கு விடுங்கள். எங்கள் கிளப் தலைவருக்கும் தனியாக எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
லீக் டூ கிளப் ஒன்றின் சீசன் டிக்கெட்காரர்